"எக்கோவைக் கொஞ்சம் குறைங்கண்ணே!"

(அருப்புக்கோட்டைப் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளி ஆண்டு விழாவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மேடையேறுகிறான். ஒரு மாதமாகப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். அவனும் தடுமாறாமல் பேசுகிறான். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் அவன் அம்மாவுக்குக் கேட்பது என்ன? "அனைவருக்கும்... கும்... கும்... வணக்கம்... கம்... கம்..." அதற்குப் பிறகு ஒரே முழக்கம். கைதட்டல் வந்துவிடுகிறது. என்ன பேசினான் என்று கேட்டால் சொல்வதற்கு ஆளில்லை.

பையன் மேல் தப்பில்லை, பயிற்சி கொடுத்தவர் மேலும் தப்பில்லை. மைக் செட் பெட்டியில் ஒரு சின்னக் குமிழ் வலது கோடி வரை திருகப்பட்டிருக்கிறது. அந்தக் குமிழைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நான் அறிவியல் ஆசிரியை. ஒலிப்பதிவுத் தொழில் படித்தவள் இல்லை. நானே செய்த ஒரு தவறுதான் என்னை இதில் இறக்கியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பின்னால் நின்று பேசியது யார்?

2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது நம்மில் பலரைப் போல நானும் பாடங்களைக் குரல் பதிவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வெறும் குரல் சப்பென்று இருப்பதாக எனக்குத் தோன்றியது. மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருந்தது. அதில் 'ரிவெர்ப்' என்று ஒரு வசதி. அழுத்தினேன். என் குரல் பெரிய மண்டபத்தில் ஒலிப்பதுபோல மாறிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஏறக்குறைய இரண்டு மாதம் எல்லாப் பாடத்தையும் அப்படியே அனுப்பினேன்.

புத்தகம் கொடுக்க ஊருக்குள் போனபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். இரண்டு காதிலும் கேட்புக் கருவி அணிந்த பிள்ளை. வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "டீச்சர், நீங்க பாடம் நடத்துறப்போ உங்க பின்னாடி நின்னுக்கிட்டு யாரு கூடவே பேசுறது?"

யாரும் பேசவில்லை. நான் சேர்த்த எதிர்முழக்கம்தான் அவளுக்கு இன்னொரு ஆள் பேசுவதுபோலக் கேட்டிருக்கிறது. கேட்புக் கருவி வருகிற ஒலியைப் பெரிதாக்கித் தரும். குரலையும் பெரிதாக்கும், குரலைச் சுற்றியுள்ள முழக்கத்தையும் பெரிதாக்கும். இரண்டையும் முழுதாகப் பிரித்துத் தர அதனால் முடியாது. என் காதுக்கு அழகாக இருந்தது அவள் காதுக்குப் பாடத்தை மறைத்த திரையாகிவிட்டது. இரண்டு மாதப் பாடம்!

அன்று இரவே அந்த ரிவெர்ப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குமிழாக என்ன செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு

நம் அறிவியல் பாடத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: எதிரொலி, எதிர்முழக்கம். தூரத்துச் சுவரில் பட்டு, ஒருமுறை பேசியது தனியாக இன்னொருமுறை கேட்டால் அது எதிரொலி. அதற்குச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவோம். சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் மாறி மாறிப் பட்டு, தனித்தனியாகப் பிரித்தறிய முடியாதபடி ஒலி நீடித்துக் கரைந்தால் அது எதிர்முழக்கம். மதுரைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது திருமலை நாயக்கர் மகாலின் குவிமாடத்துக்குக் கீழே ஒருமுறை கைதட்டிக் காட்டுங்கள். எதிர்முழக்கம் என்றால் என்னவென்று பிறகு பலகையில் எழுத வேண்டியிருக்காது.

நம் ஊர் மைக் செட்டில் எல்லாவற்றுக்கும் 'எக்கோ' என்றே பெயர். "பொதுமக்களே... களே... களே" என்று சொல்லைத் திருப்பிச் சொல்வது எதிரொலி வகை. அதற்கு இயந்திரத்தில் 'டிலே' என்று பெயர். மண்டபத்தில் பேசுவதுபோல வால் நீள்வது 'ரிவெர்ப்'. எது எது என்று தெரிந்துவிட்டால் எதைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மெத்தை சுமந்த பேராசிரியர்

இந்த முழக்கத்தை முதன்முதலில் அளந்து கணக்காக்கியவரும் ஓர் ஆசிரியர்தான். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கில் ஆசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் ஐந்து விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் கையில் இருந்தவை ஓர் ஆர்கன் குழல், ஒரு கடிகாரம், தம் காது. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து, எத்தனை மெத்தை போட்டால் முழக்கம் எத்தனை விநாடி குறைகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டார். பின்னாளில் 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவர் கணக்கின்படி கட்டப்பட்டது.

அவர் கண்ட சூத்திரம் நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே போடக்கூடியது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்க வேண்டும். அதை அறையின் மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். கிடைப்பது எதிர்முழக்க நேரம். அதாவது ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம்.

நம் வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர், அகலம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர். கன அளவு 108. சுவர், தரை, கூரை சேர்ந்து 144 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், கதவு சன்னல் எல்லாம் மூடிய காலி வகுப்பறையில் முழக்கம் 4 விநாடி! கதவையும் சன்னல்களையும் திறந்து ஒரு 5 சதுர மீட்டர் வெளியானால், அதன் வழியே போன ஒலி திரும்பி வராது. நேரம் ஏறக்குறைய 1.9 விநாடியாகிறது. 30 பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால், ஆளுக்குச் சுமார் 0.3 சதுர மீட்டர் உறிஞ்சுவதாகக் கொண்டால், ஒரு விநாடிக்கு வந்துவிடுகிறது. வகுப்பறைக்கு 0.6 விநாடிக்கு மேல் கூடாது என்பது அமெரிக்காவில் 2002-இல் வந்த தரநிலை. அதுவும் ஆளில்லாத அறைக்குச் சொன்ன அளவு.

ஆக, நம் வகுப்பறைகளில் ஏற்கெனவே தேவைக்கு மேல் முழக்கம் இருக்கிறது. அங்கே புளூடூத் ஸ்பீக்கரில் ஒரு பதிவைப் போட்டால், பதிவிலுள்ள முழக்கத்தோடு அறையின் முழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ரிவெர்ப் குமிழைத் தொடும் முன் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இப்போது குமிழ்களுக்கு வருவோம்

அந்தக் காலத்தில் எதிர்முழக்கம் வேண்டுமென்றால் காலி அறையில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டை ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்தார்கள். 1957-இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்து முழக்கம் உண்டாக்கும் கருவியைக் கொண்டுவந்தது. எடை கால் டன்னுக்கு மேல். 1960-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் மான்ஃபிரெட் ஷ்ரோடர், கணக்கின் மூலமே முழக்கத்தை உண்டாக்கலாம் என்று காட்டினார். குரலின் நகல்களைச் சிறு சிறு தாமதத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதுதான் முறை. இன்று நம் மடிக்கணினியிலும் மைக் செட் மிக்சரிலும் இருப்பது அந்த வழியில் வந்ததே.

நான் ஆடாசிட்டியில் உள்ள பெயர்களையே சொல்கிறேன். வேறு மென்பொருளிலும் பெயர் கொஞ்சம் மாறுமே தவிர வேலை இதுதான்.

முதலில் 'ட்ரை', 'வெட்' என்ற இரண்டு சொற்கள். ட்ரை என்பது நீங்கள் பேசிய வெறும் குரல். வெட் என்பது இயந்திரம் உண்டாக்கிய முழக்கம். ட்ரை கெயின், வெட் கெயின் என்ற இரண்டும் அவற்றின் அளவு. ரசத்துக்கு உப்புப் போடுவதுபோல வெட் கெயினைக் கையாள வேண்டும். டெசிபெல் கணக்கில் 20 குறைத்தால் அலையின் வீச்சு பத்தில் ஒரு பங்காகும். எல்லாக் குமிழும் புரியாவிட்டாலும் வெட் கெயினைக் குறைக்கத் தெரிந்தால் போதும், பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது ரூம் சைஸ், அதாவது அறையின் அளவு. 0 என்றால் அலமாரிக்குள் பேசுவதுபோல. 100 என்றால் பெரிய தேவாலயம்போல.

ரிவெர்பரன்ஸ் என்பது முழக்கத்தின் வால் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பது. அறை அளவையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு அறைகளில் ஒன்று காலியாகவும் ஒன்று பஞ்சு மூட்டை அடுக்கியதாகவும் இருக்கலாம் அல்லவா? இரண்டிலும் வாலின் நீளம் வேறாகத்தான் இருக்கும்.

ப்ரீ-டிலே என்பது முன்தாமதம். குரல் கேட்டபின் முழக்கம் தொடங்க எத்தனை மில்லி விநாடி ஆக வேண்டும் என்பது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 10 மில்லி விநாடி என்றால் சுவரில் பட்டு வரும் ஒலி 3.4 மீட்டர் கூடுதலாக நடந்து வந்திருக்கிறது என்று பொருள். கொஞ்சம் தாமதம் வைத்தால் சொல்லின் தொடக்கம் தெளிவாகக் கேட்கும். 50 மில்லி விநாடிக்குள் திரும்பும் ஒலி பேச்சுக்குத் துணையாகும். அதைத் தாண்டி வருவதுதான் சொல்லைக் கலைக்கும்.

டேம்பிங் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அறை முழுக்கப் பருத்திச் சேலையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? முழக்கத்தில் உள்ள கூர்மையான, உயர்ந்த ஒலிகள் சீக்கிரம் அடங்கிவிடும். டேம்பிங்கைக் கூட்டுவது சேலையைத் தொங்கவிடுவதுபோல. குறைப்பது வெறும் குளியலறைச் சுவர்போல.

டோன் லோ, டோன் ஹை இரண்டும் முழக்கத்தின் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் குறைப்பதற்கு. குடத்துக்குள் பேசுவதுபோல இருந்தால் டோன் லோவைக் குறையுங்கள். 'ஸ்', 'ச்' ஒலிகள் சீறிக்கொண்டே நின்றால் டோன் ஹையைக் குறையுங்கள். ஸ்டீரியோ விட்த் என்பது இடம் வலம் பரப்புவது. கைப்பேசியில் பதிவு செய்த ஒற்றைத் தடக் குரலுக்கு அதற்கு வேலையில்லை.

கடைசியாக வெட் ஒன்லி என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் முழக்கம் மட்டும் கேட்கும். நீங்கள் சேர்ப்பது என்ன என்று தனியாகக் கேட்டுப் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பார்த்ததும் எடுத்துவிட மறக்காதீர்கள்.

தமிழுக்கு ஏன் இது முக்கியம்?

உயிரொலி நீளமானது, உரத்தது. மெய்யொலி குறுகியது, மெலிந்தது. முழக்கத்தில் என்ன நடக்கிறது? முந்தைய உயிரொலியின் வால் நீண்டுவந்து அடுத்த மெய்யொலியை மூடிவிடுகிறது. 'கலை', 'களை', 'கழை' மூன்றையும் பிரிப்பது நடுவில் உள்ள ஒரு மெய்தான். 'அரம்', 'அறம்' என்பதும் அப்படியே. அந்த மெய் மூழ்கிவிட்டால் பிள்ளை எதை எழுதும்? சொல்வதை எழுதுதலில் தப்பு விட்டால் நாம் பிள்ளைக்குச் சிவப்பு மையில் சுழிக்கிறோம்.

எங்கள் தமிழாசிரியையின் துணையோடு ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். ர, ற, ல, ள, ழ வரும் பத்துச் சொற்களை வெறும் குரலில் ஒரு பதிவு, கொஞ்சம் முழக்கத்தோடு ஒரு பதிவு, என் பழைய 'மண்டப' அளவில் ஒரு பதிவு. வெவ்வேறு நாளில், வரிசை மாற்றி, ஒரே வகுப்பில் போட்டு எழுதச் சொன்னோம். இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் மண்டபப் பதிவு அன்று நன்றாக எழுதும் பிள்ளைகளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்கள் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். வெறும் குரலுக்கும் கொஞ்சம் முழக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நீங்களும் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள்.

நான் இப்போது செய்யும் முறை

ஒன்று, பதிவு செய்யும்போதே முழக்கம் இல்லாமல் பதிவு செய்கிறேன். முழக்கத்தைப் பிறகு சேர்க்கலாம். பதிவில் விழுந்த முழக்கத்தைச் சுத்தமாக எடுப்பது கடினம். வாய்க்கும் கைப்பேசிக்கும் ஒரு சாண் இடைவெளி. சுற்றிலும் கொடியில் இரண்டு போர்வை. தெருவில் விசைத்தறி நின்றிருக்கும் நேரம். இவ்வளவுதான் என் ஒலிப்பதிவுக் கூடம்.

இரண்டு, பதிவின் முடிவில் இரண்டு விநாடி மௌனம் சேர்க்கிறேன். இல்லாவிட்டால் கடைசிச் சொல்லின் வால் பாதியில் அறுந்துபோகும்.

மூன்று, பாடம் நடத்தும் குரல் என்றால் பெரும்பாலும் ரிவெர்ப் போடுவதே இல்லை. கதை சொல்வதாக இருந்தால் ரூம் சைஸ் 30, ப்ரீ-டிலே 10, ரிவெர்பரன்ஸ் 20, டேம்பிங் 70, டோன் லோ 50, டோன் ஹை 80, வெட் கெயின் -15, ட்ரை கெயின் 0. பாட்டு என்றால் ரூம் சைஸ் 60, ப்ரீ-டிலே 20, ரிவெர்பரன்ஸ் 45, டேம்பிங் 50, வெட் கெயின் -8 வரை போகிறேன். இவை என் காதுக்குச் சரியாக வந்த அளவுகள். உங்கள் குரலுக்கு ஏற்பக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் திருகுங்கள். அறிவியல் சோதனைக்குச் சொல்கிற அதே விதிதான்.

நான்கு, ஹெட்போனில் கேட்டு முடிவு செய்வதில்லை. பிள்ளை எதில் கேட்குமோ அந்தக் கைப்பேசி ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பார்க்கிறேன். சேர்த்தது தெரியக்கூடாது, எடுத்தால் மட்டும் ஏதோ குறைந்ததுபோலத் தோன்ற வேண்டும். "ஆகா, எக்கோ நல்லாருக்கே" என்று தோன்றினால் அதுவே அதிகம்.

ஐந்து, ரிவெர்ப் சேர்க்காத மூலப் பதிவைத் தனியாகச் சேமிக்கிறேன். கேட்புக் கருவி அணிந்த பிள்ளைக்குப் போவது எப்போதும் அந்தப் பதிவுதான்.

விழா மேடைக்கு இத்தனை குமிழ் கிடையாது. மிக்சரில் வகையைத் தேர்ந்தெடுக்க ஒன்று, அளவுக்கு ஒன்று என இரண்டுதான் பெரும்பாலும் இருக்கும். பிள்ளை பேசும்போது அளவுக் குமிழ் பூஜ்யத்தில் இருக்கட்டும். பாடும்போது கால்வாசி. மைக்கைப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்குங்கள். வாய் மைக்குக்கு அருகில் வந்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

நாளைக்கே செய்யக்கூடியது

நாளைக் காலையில் பிள்ளைகள் வருமுன் உங்கள் வகுப்பறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். பிள்ளைகள் வந்த பிறகு மறுபடி தட்டுங்கள். வேறுபாட்டை அவர்களையே சொல்ல விடுங்கள். நீளம், அகலம், உயரம் அளந்து கணக்கும் போடச் சொல்லுங்கள். வகுப்பில் கேட்புக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால், எந்த மூலையில் உட்கார்ந்தால் தெளிவாகக் கேட்கிறது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். நான் அதைக் கேட்கத் தவறியவள்.

எங்கள் பள்ளி விழாவுக்கு வழக்கமாக வரும் மைக் செட் அண்ணனிடம் முதல் வருடம் "எக்கோவைக் கொஞ்சம் குறைங்கண்ணே" என்று சொன்னபோது அவருக்கு வருத்தம். "எக்கோ இல்லாட்டி செட்டு நல்லால்லன்னு சொல்லுவாங்க டீச்சர்" என்றார். அவரைக் கடைசி வரிசைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து, ஒரே பிள்ளையை இரண்டு விதமாகவும் பேசச் சொல்லிக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்க் குமிழைத் திருகினார்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அவரே மேடைப் பக்கம் வந்து கேட்கிறார்: "டீச்சர், அடுத்து பிள்ளைங்க பேசப் போறாங்களா, பாடப் போறாங்களா?"